அத்தியாயம் 7: கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு

இதுவரை கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எடுத்து, வீட்டிலேயே கழுவிப் பழகியிருக்கிறீர்கள். இருட்டில் ரீலில் ஃபிலிம் ஏற்றக் கை தடுமாறுவதில்லை. நிழலில் விவரம் வேண்டுமென்றால் லென்ஸை எவ்வளவு திறக்க வேண்டும் என்பது தெரியும். இந்த அத்தியாயத்தில் ஒரு கலர் நெகட்டிவ் ரோலை எடுத்து, கழுவி, காயப்போடப் போகிறீர்கள்.

கற்றதில் பெரும்பகுதி அப்படியே உதவும். மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்களில் ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும் மூத்தது. இதுவரை ஒரு காட்சியைப் பார்த்ததும் ‘வெளிச்சம் எவ்வளவு?’ என்று கேட்டுக்கொண்டீர்கள். இனி முதல் கேள்வி ‘வெளிச்சம் என்ன நிறம்?’ என்பது. அளவு அதற்கு அடுத்துதான்.

ஒரு தட்டில் மிளகாய்ப் பழம் நான்கும் பச்சை மிளகாய் நான்கும் கலந்து வைத்து, ஃபில்டர் போடாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். எது பழம், எது காய் என்று பிரிக்கச் சிரமப்படுவீர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். கலரில் அதே தட்டு பார்ப்பவர் கண்ணை உடனே இழுக்கும். கறுப்பு வெள்ளைக்காரர் ‘இங்கே படம் இல்லை’ என்று கடந்து போகும் இடங்களில் கலர் படம் காத்திருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: கறுப்பு வெள்ளையில் கம்பீரமாக நின்ற காட்சி, கலரில் ஒரு ஓரத்துச் சிவப்புப் பிளாஸ்டிக் குடத்தால் கெட்டுப்போகும்.

## முதலில் கழற்ற வேண்டியது

லென்ஸில் இருக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஃபில்டர்களைக் கழற்றி வேறு பையில் வையுங்கள். வானத்தைக் கறுக்க வைக்க நீங்கள் போட்ட ஆரஞ்சு ஃபில்டர், கலர் ஃபிலிமில் படம் முழுவதையும் ஆரஞ்சாக்கிவிடும்.

எஸ்எல்ஆர் கேமராவில் இந்தத் தவறு கண்ணில் பட்டுவிடும். ரேஞ்ச்ஃபைண்டரிலும் இரட்டை லென்ஸ் கேமராவிலும் படாது. நாம் பார்ப்பது ஒரு கண்ணாடி வழியாக, படம் விழுவது இன்னொன்று வழியாக. மாமல்லபுரத்தில் ஒரு காலை முழுக்க இரட்டை லென்ஸ் கேமராவில் கறுப்பு வெள்ளை எடுத்துவிட்டு, ரோலை மட்டும் மாற்றிக் கலரைத் தொடர்ந்தேன். கீழ் லென்ஸில் ஆரஞ்சு ஃபில்டர் இருந்தது. 12 படங்களும் போயின. அன்றிலிருந்து ரோல் மாற்றும்போது லென்ஸின் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே பின்கதவை மூடுகிறேன். இந்தப் பழக்கத்தை நீங்களும் இன்றே பிடித்துக்கொள்ளுங்கள்.

யூவி, ஸ்கைலைட் ஃபில்டர்கள் இருக்கட்டும். போலரைசர் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நிறம் மாற்றாமல் வானத்தை ஆழமாக்கவும் இலை, தண்ணீர், ஈரத் தார்ச்சாலை ஆகியவற்றின் பளபளப்பைக் குறைக்கவும் கலரில் உங்களுக்கு இருக்கும் கருவி அதுதான். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

## ஃபிலிம் வாங்கும்போது

1. நெகட்டிவ் ஃபிலிமே வாங்குங்கள். ஸ்லைடு ஃபிலிமில் எக்ஸ்போஷர் அரை ஸ்டாப் பிசகினாலும் படத்தில் தெரியும். அது பிறகு.
2. ஐஎஸ்ஓ 200 அல்லது 400 போதும்.
3. பெட்டியில் ‘சி-41’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1972-ல் கோடக் கொண்டுவந்த இந்தக் கழுவுமுறைதான் இன்றும் உலகம் முழுவதும் கலர் நெகட்டிவுக்கு வழக்கம்.
4. ‘ஈசிஎன்-2’ என்று போட்டிருந்தால் அது சினிமா ஃபிலிமைத் துண்டுபோட்டுச் சுற்றிய ரோல். பழைய வகைகளில் பின்புறம் ஒரு கரிப்படலம் இருக்கும். சி-41 கரைசலில் போட்டால் அது கரைந்து எல்லாவற்றையும் அழுக்காக்கும். லேப் மெஷினையும் கெடுக்கும். லேபில் சொல்லாமல் கொடுக்காதீர்கள், வீட்டுக் கிட்டிலும் போடாதீர்கள்.
5. இரண்டு ரோல் கலருடன், ஒரு ரோல் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் வாங்குங்கள். ஏன் என்று கழுவும் பகுதியில் சொல்கிறேன்.

தேதி கடந்த ரோல் மலிவாகக் கிடைத்தாலும் முதல் மூன்று ரோலுக்கு வேண்டாம். கறுப்பு வெள்ளை ஃபிலிம் பழசானால் பெரும்பாலும் லேசாகப் புகை படியும், அவ்வளவே. கலரில் மூன்று அடுக்குகள் மூன்று வேகத்தில் கெடும். விழுந்த நிறக் கோளாறு ஃபிலிமுடையதா, வெளிச்சத்துடையதா, உங்கள் கழுவலுடையதா என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

குறிப்பு: ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோலை அலமாரியில் போட்டு வைத்துப் பழகிய கைகள் பல. கலர் ரோலை அப்படி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் கிடந்தாலே நிறம் சாயும். ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். எடுத்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் பையைப் பிரிக்காமல் வெளியே வைத்தால் ஃபிலிமில் ஈரம் வியர்க்காது.

## வெள்ளை வேட்டிப் பயிற்சி

முதல் ரோலை இதற்குத்தான் செலவிடப் போகிறீர்கள். அழகான படங்கள் இரண்டாம் ரோலில் இருந்து.

சாதாரணக் கலர் ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்காக, அதாவது சுமார் 5500 கெல்வின் நிற வெப்பத்துக்காகச் செய்யப்பட்டது. மெழுகுவர்த்தி சுமார் 1900, வார்ம் ஒயிட் எல்இடி 2700 முதல் 3000 வரை, கூல் டேலைட் எல்இடி 6500. எண் குறையக் குறைய ஃபிலிமில் மஞ்சளும் ஆரஞ்சும் ஏறும். கூடினால் நீலம் ஏறும். பல்பு அட்டைப்பெட்டியிலேயே இந்த எண் அச்சாகியிருக்கும். தியரி இவ்வளவு போதும்.

சிக்கல் நம் கண்ணில் இருக்கிறது. மாலை விளக்கடியில் இருந்தாலும் வேப்ப மரத்தடியில் இருந்தாலும் வெள்ளை வேட்டியை மூளை வெள்ளை என்றே சொல்லிவிடும். ஃபிலிம் அப்படிச் சொல்லாது. அந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குக் கற்பிக்கவே இந்தப் பயிற்சி.

1. ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டு நீலம் போடாததாக இருக்க வேண்டும். நீலம் போட்ட துணி எந்த வெளிச்சத்திலும் கொஞ்சம் நீலமாகவே விழும்.
2. ஒரு நாற்காலியில் வேட்டியை மடித்துப் போட்டு, வீட்டில் ஒருவரை அதன் அருகில் உட்கார வையுங்கள். படத்தில் துணியும் முகமும் இரண்டும் இருக்க வேண்டும்.
3. கீழ்க்கண்ட ஆறு இடங்களிலும் இரண்டிரண்டு படங்கள் எடுங்கள்: காலை ஏழு மணி நேர் வெயில், அதே நேரம் வானம் மட்டும் தெரியும் வீட்டின் நிழல் பக்கம், மரத்தடி, அறை விளக்கையும் போட்டபடி ஜன்னலோரம், டியூப் லைட் எரியும் சமையலறை, நிறத்துணி அல்லது தார்ப்பாய்க்குக் கீழே.
4. ஒவ்வொரு முறையும் ஷட்டரை அழுத்துமுன் நோட்டில் எழுதுங்கள்: ‘வேட்டி இப்போது என்ன நிறம்?’ வெள்ளை என்று எழுதக் கூடாது. மஞ்சள் கலந்த வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, பச்சை கலந்த வெள்ளை என்று ஏதாவது ஒன்றை எழுதியே ஆக வேண்டும்.
5. தெரியவில்லையென்றால் வேட்டியின் பாதியை வெயிலிலும் பாதியை நிழலிலும் விரியுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது நிழல் பாதியின் நீலம் பளிச்சென்று தெரியும். ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு கண் விடாது.

குறிப்பு: உங்கள் செல்போன் கேமராவில் ‘ப்ரோ’ முறை இருந்தால் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியிலிருந்து மாற்றி 5500-ல் நிறுத்துங்கள். பகல் வெளிச்ச ஃபிலிம் எப்படிப் பார்க்குமோ ஏறக்குறைய அப்படியே திரை காட்டும். ஃபிலிம் செலவில்லாத நல்ல ஆசிரியர் இது.

ஆறாவது இடத்தை ஏன் சேர்த்தேன் என்று சொல்ல வேண்டும். என் உறவில் ஒரு கல்யாணம். வீட்டு வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட சாமியானா, மேலே உச்சி வெயில். வெளிச்சம் தாராளமாக இருந்தது. மீட்டர் சந்தோஷமாக எஃப் 8 காட்டியது. பிரின்ட் வந்தபோது மாப்பிள்ளையின் பட்டு வேட்டி காவி வேட்டியாக இருந்தது. பந்தலில் உட்கார்ந்த அத்தனை முகமும் காய்ச்சல் கண்டவர் முகம்போலச் சிவந்திருந்தது. லேபில் சிவப்பைக் குறைத்து மறுபடி போட்டுத் தந்தார்கள். முகம் ஓரளவு தேறியது. பந்தியில் விரித்த வாழையிலைகள் மட்டும் கறுத்தே கிடந்தன. சிவப்புத் துணி பச்சை வெளிச்சத்தைக் கீழே விடவே இல்லை. வராத வெளிச்சத்தை எந்தத் திருத்தத்தாலும் பிறகு கொண்டுவர முடியாது. கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் அந்தப் படங்களில் ஒரு குறையும் இருந்திருக்காது.

ஆகவே இந்த வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்:

1. தலைக்கு மேலே பார்: துணி, தார்ப்பாய், இலை, வானம்.
2. பக்கத்தில் பார்: பச்சைச் சுவர், ரோஸ் சுவர், நீலக் கதவு. ஆளுக்கு மூன்றடிக்குள் இருக்கும் எந்தப் பெரிய நிறப்பரப்பும் கன்னத்தில் படியும்.
3. விளக்குகளை எண்ணு: ஒரு படத்தில் ஒரே வகை வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் போதுமானால் அறை விளக்கை அணை. விளக்குதான் வேண்டுமென்றால் திரையை இழுத்து மூடு.
4. திருத்த முடியாவிட்டால் ஆளை நகர்த்து. பெரும்பாலும் மூன்றடி தள்ளி நின்றாலே போதும்.

மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தை 80ஏ என்ற நீல ஃபில்டர் சரிசெய்யும். அதற்கு இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். ஆரஞ்சு சோடியம் தெருவிளக்கை எந்த ஃபில்டராலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அங்கே கறுப்பு வெள்ளை ரோலையே போடுங்கள்.

## எக்ஸ்போஷர்: பழக்கத்தில் எதை விட வேண்டும்

கறுப்பு வெள்ளையில் வெளிச்சம் போதாதபோது இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்து, டெவலப்பரில் நேரம் கூட்டிச் சமாளித்திருப்பீர்கள். கலர் நெகட்டிவில் அந்த வழியை மறந்துவிடுங்கள். டெவலப்பர் நேரத்தை இழுத்தால் மூன்று அடுக்குகளும் ஒன்றுபோல் நகராது. நிழலில் ஒரு நிறமும் வெளிச்சத்தில் இன்னொரு நிறமும் சாயும். பிரின்டில் ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும்.

கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். ஒரு ஸ்டாப் கூடினால் தெரியவே தெரியாது. இரண்டு கூடினாலும் நல்ல பிரின்ட் வரும். குறைந்தால்தான் ஆபத்து: நிழல்கள் சேறுபோலக் கலங்கி, குருணை துருத்தி நிற்கும்.

1. 400 ரோலானால் மீட்டரில் 200 என்று வையுங்கள். 200 ரோலானால் 100. இந்த ஒரு ஸ்டாப் உங்கள் காப்பீடு.
2. முகம் எடுக்கும்போது உங்கள் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் நீட்டி மீட்டர் பாருங்கள். உள்ளங்கை மீட்டர் எதிர்பார்க்கும் நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிறியது. ஆகவே காட்டும் அளவைவிட ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும். நம்மில் ஒருவர் மாநிறம், ஒருவர் கறுப்பு. ஆனாலும் உள்ளங்கை நிறம் அவ்வளவு வேறுபடாது. அதனால்தான் முகத்தைவிட இதை நம்பலாம்.
3. வெள்ளைச் சட்டையோ கோலம் போட்ட வாசலோ படத்தை நிறைத்தால் மீட்டர் ஏமாந்து குறைத்துக் காட்டும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.
4. சந்தேகம் வந்தால் கூட்டுங்கள். குறைக்காதீர்கள்.

இன்னொரு பழக்கமும் மாறும். உச்சி வெயிலின் கறுத்த நிழலும் வெளுத்த சுவரும் கறுப்பு வெள்ளையில் நல்ல வடிவம் தந்தன. கலரில் அந்த வெயில் நிறங்களை வெளுத்துவிடும். காலை எட்டு மணிக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும் வேலை செய்யுங்கள். மேகம் மூடிய நாளில் கேமராவை உள்ளே வைத்திருப்பீர்கள்; இனி அந்த நாட்களில் வெளியே கிளம்புங்கள். ஐப்பசி மழை விட்ட அரைமணி நேரத்தில், நனைந்த செம்மண்ணும் கழுவிவிட்ட இலையும் மிட்டாய் நிறச் சுவர்களும் ஃபிலிமில் விழும் ஆழம் வேறெந்த நேரத்திலும் கிடைக்காது. லென்ஸில் தூறல் படாமல் குடை பிடிக்க ஒருவர் கூட வந்தால் நல்லது.

## சட்டகத்துக்குள் நிறம்

இதற்கு விதி சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன். வியூஃபைண்டரில் பார்க்கும்போது, இந்தப் படத்தின் நிறம் எது என்று ஒரே சொல்லில் பதில் வருகிறதா? ‘மஞ்சள்’ என்றோ ‘நீலமும் கொஞ்சம் சிவப்பும்’ என்றோ வந்தால் எடுங்கள். ‘எல்லாம் இருக்கிறது’ என்று வந்தால் இன்னும் இரண்டடி முன்னே போங்கள்.

ஓரங்களைச் சுற்றிப் பார்ப்பது கட்டாயம். பிளாஸ்டிக் குடம், பிளெக்ஸ் பேனர், சிவப்பு சிலிண்டர், ஆரஞ்சுப் பைப்பு ஆகியவை கறுப்பு வெள்ளையில் சாம்பல் துண்டுகளாக அடங்கிக் கிடந்தன. கலரில் ஒரு சிறு சிவப்பு, படத்தின் மூலையிலிருந்தே பார்வையைப் பறித்துக்கொள்ளும். நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள். முடியாவிட்டால் அதையே படத்தின் மையமாக்க முடியுமா என்று பாருங்கள்.

ரகுபீர் சிங்கின் (1942–1999) புத்தகங்கள் நூலகத்தில் கிடைத்தால் ஒரு மாலை அவற்றோடு உட்காருங்கள். இந்தியத் தெருவைக் கலரிலேயே எடுத்துக் காட்டியவர். தமிழ்நாட்டைப் பற்றியும் தனியாக ஒரு புத்தகம் செய்திருக்கிறார். நெரிசலான தெருவில் பத்து நிறங்களை அவர் எப்படிச் சண்டையில்லாமல் நிறுத்துகிறார் என்று ஒவ்வொரு படத்திலும் விரல் வைத்துப் பின்தொடருங்கள்.

## வீட்டில் கழுவுதல்

கறுப்பு வெள்ளைக்கு 20 டிகிரி வேண்டும் என்று மதுரையிலும் வேலூரிலும் ஐஸ் கட்டியோடு மல்லாடியவர்களுக்கு இது நல்ல செய்தி: கலர் டெவலப்பருக்கு 38 டிகிரி வேண்டும். மே மாதம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பாதி வழி வந்துவிடும். குளிர்விப்பதைவிடச் சூடேற்றுவது எளிது.

ஆனால் கறுப்பு வெள்ளையில் இருந்த சலுகை இல்லை. டெவலப்பர் வெப்பம் ஒரு டிகிரி கூடினாலோ குறைந்தாலோ நிறம் மாறும். அரை டிகிரி காட்டும் டிஜிட்டல் தர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

தேவை: உங்கள் பழைய டாங்க், ரீல்; ஒரு சி-41 கிட் (டெவலப்பர், பிளிக்ஸ், ஸ்டெபிலைசர்); ஒரு லிட்டர் பாட்டில் மூன்று; 20 லிட்டர் பக்கெட்; நைட்ரைல் கையுறை; புனல்; கிளிப்புகள். பிளிக்ஸ் என்பது பிளீச்சும் ஃபிக்சரும் சேர்ந்த கரைசல். கலர் ஃபிலிமில் படம் சாயமாக உருவாகும். அதோடு சேர்ந்து உருவான வெள்ளியைப் பிளிக்ஸ் முழுக்க எடுத்துவிடும்.

முதலில் எக்ஸ்பி2. இந்த ரோல் கறுப்பு வெள்ளைப் படம்தான் தரும்; ஆனால் கழுவுவது சி-41-ல். வெப்பத்தில் சிறு பிழை செய்தாலும் நிறம் கெட அதில் நிறம் இல்லை. உங்கள் பக்கெட், தர்மாமீட்டர், கை வேகம் மூன்றையும் இதில் ஒத்திகை பார்த்துவிட்டு, அடுத்து கலர் ரோலுக்கு வாருங்கள். இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டவர்கள் பலர் தங்கள் முதல் கலர் ரோலை வீணாக்கியிருக்கிறார்கள்.

1. கரைசல்களை முந்தின நாளே கலக்கி வையுங்கள். டெவலப்பரை முதலில், பிளிக்ஸைக் கடைசியில். பாட்டில்களில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் மூடியும் அதற்கே உரியது.
2. இருட்டில் ஃபிலிமை ஏற்றி டாங்கை மூடுங்கள். இதில் புதிது ஒன்றும் இல்லை.
3. பக்கெட்டில் 40 டிகிரித் தண்ணீர் நிரப்பி, டெவலப்பர், பிளிக்ஸ் பாட்டில்களை அதில் நிறுத்துங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். பக்கெட்டுத் தண்ணீரை அளந்தால் போதாது; டெவலப்பருக்குள்ளேயே தர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள்.
4. டாங்கில் 38 டிகிரித் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். வரும் தண்ணீரில் நிறம் இருக்கும், பதற வேண்டாம்.
5. டெவலப்பர் சரியாக 38 டிகிரியில் இருக்கும்போது ஊற்றி, மூடி, முதல் 10 விநாடி விடாமல் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு 30 விநாடிக்கு ஒருமுறை நான்கு தடவை. நடுவே டாங்க் பக்கெட்டிலேயே நிற்கட்டும். மொத்தம் 3 நிமிடம் 15 விநாடி. கிட்டுத் தாளில் வேறு நேரம் போட்டிருந்தால் தாள் சொல்வதே சரி. முடிய 10 விநாடி இருக்கும்போதே திரும்பப் பாட்டிலில் ஊற்றத் தொடங்குங்கள்.
6. பிளிக்ஸ்: பெரும்பாலான கிட்டுகளில் 6 முதல் 8 நிமிடம். வெப்பம் 35-லிருந்து 40 வரை இருந்தால் போதும். முதல் இரண்டு முறை கவிழ்த்ததும் மூடியின் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காற்றை விடுங்கள். உள்ளே வாயு உண்டாகும். விடாவிட்டால் மூடி தெறித்துச் சுவரெல்லாம் பழுப்பாகும்.
7. அதே வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று நிமிடம் அலசுங்கள். நான்கைந்து முறை தண்ணீரை மாற்ற வேண்டும்.
8. ஸ்டெபிலைசரில் ஒரு நிமிடம், குலுக்காமல். இதன் பிறகு தண்ணீரில் அலசக் கூடாது. இதைக் கலக்க போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம்; பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் எந்தப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். உப்புத் திட்டு படியாமல் காப்பது அதுதான்.
9. மின்விசிறி ஓடாத அறையில் தொங்கவிடுங்கள். ஈரத்தில் ஃபிலிம் பால்போல மங்கலாகத் தெரியலாம், காயும்போது தெளியும்.

முதன்முதலாக ரீலிலிருந்து கலர் நெகட்டிவை உருவும்போது, உங்களுக்குப் பழகிய கண்ணாடித் தெளிவு இருக்காது. முழுக்க ஆரஞ்சாக இருக்கும். அது ஃபிலிமிலேயே வைத்துச் செய்த முகமூடி நிறம். பிரின்டிலும் ஸ்கேனிலும் கழிந்துபோகும்.

## அடிக்கடி நேரும் கோளாறுகள்

நெகட்டிவ் மெலிந்து, வெளிறிக் கிடந்தால் முதலில் ஓரத்தில் அச்சான எண்களைப் பாருங்கள். அவற்றைப் போட்டது ஃபிலிம் தொழிற்சாலை. உங்கள் எக்ஸ்போஷருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எண்கள் அழுத்தமாக இருந்தால் எடுக்கும்போது வெளிச்சம் குறைந்திருக்கிறது. எண்களும் மங்கியிருந்தால் டெவலப்பர் ஆறிவிட்டது, அல்லது தீர்ந்துவிட்டது.

காய்ந்த பிறகும் கலங்கலாக, இருண்டு இருந்தால் வெள்ளி முழுதாகப் போகவில்லை. திரும்பப் பிளிக்ஸில் போட்டு, அலசி, ஸ்டெபிலைசரில் முக்கலாம், வெளிச்சத்திலேயே செய்யலாம். இது காப்பாற்றக்கூடிய பிழை.

துளைகளின் பக்கம் கோடு கோடாக அடர்த்தி மாறினால் டாங்கை முரட்டுத்தனமாகக் குலுக்கியிருக்கிறீர்கள்.

டெவலப்பருக்குள் பிளிக்ஸ் சில சொட்டு விழுந்தாலும் டெவலப்பர் வீண். புனலை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள்; முடிந்தால் இரண்டு புனல் வைத்துக்கொள்ளுங்கள். புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும் டெவலப்பர் காப்பி டிகாக்‌ஷன்போலக் கறுத்துவிட்டால் ஒரு சோதனைத் துண்டுகூடப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

## பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

- ஹீட்டர் ராடு. பக்கெட்டுத் தண்ணீரைச் சூடேற்றப் பலரும் இதைத்தான் போடுவார்கள். பாட்டிலும் டாங்கும் கையும் போய்வரும் பக்கெட்டில் ராடு இருக்கவே கூடாது. தண்ணீரை வேறு பாத்திரத்தில், அடுப்பிலோ கீசரிலோ சூடாக்கி ஊற்றிக் கலக்குங்கள். ராடைத் தவிர வேறு வழியில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகே விரல் வைக்க வேண்டும்.
- தோல். கலர் டெவலப்பர் கறுப்பு வெள்ளை டெவலப்பரைப்போல அல்ல. திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்து, பிறகு ஒரு துளியே அரிப்பைக் கிளப்பும். முதல் நாளிலிருந்தே கையுறை. வெறுங்கையால் டாங்கைத் திறக்கும் பழைய பழக்கத்தை விடுங்கள்.
- மூச்சு. தூள் கலக்கும்போது முகக்கவசம், திறந்த ஜன்னல். சில ஸ்டெபிலைசர்களில் ஃபார்மால்டிஹைடு உண்டு. பூட்டிய குளியலறையில் வேலை செய்யாதீர்கள்.
- கண். தெறித்துவிட்டால் குழாயடியில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள். பிறகு பாட்டில் லேபிளோடு மருத்துவரிடம் போங்கள்.
- பாத்திரம். சமையலறைப் படி, கரண்டி, டம்ளர் எதையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் திரும்ப அடுப்படிக்கு வரக் கூடாது. குளிர்பான பாட்டிலில் கரைசல் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். வீட்டில் குழந்தை இல்லையென்றாலும் விருந்தாளி வருவார்.
- கழிவு. தீர்ந்த பிளிக்ஸில் வெள்ளி இருக்கிறது. செடிக்கும் கிணற்றோரமும் செப்டிக் டேங்குக்கும் ஊற்ற வேண்டாம். கேனில் சேர்த்து வைத்து, உங்கள் ஊர் கலர் லேபில் பேசி அவர்கள் கழிவோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

## பிரின்ட் போடும்போது

சிவப்பு விளக்கடியில் பிரின்ட் போட்ட பழக்கத்தில் கலர் பேப்பர் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். அந்தப் பேப்பர் சிவப்புக்கும் உணர்ச்சியுள்ளது. முழு இருட்டு வேண்டும். வீட்டில் கலர் பிரின்ட் போடுவது தனி அத்தியாயம். இப்போதைக்கு நெகட்டிவை லேபில் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கொடுக்கும்போது, ‘நிறத்தைத் தானாகத் திருத்த வேண்டாம், எல்லாப் படத்துக்கும் ஒரே செட்டிங் போடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மெஷின் ஒவ்வொரு படத்திலும் வேட்டியை வெள்ளையாக்கப் பார்க்கும். உங்கள் பயிற்சி முழுவதும் மறைந்துபோகும்.

ஸ்கேன் வந்ததும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு இடங்களின் வேட்டியையும் வரிசையாகப் பாருங்கள். மரத்தடி வேட்டிக்கு நீங்கள் எழுதியது என்ன, விழுந்தது என்ன? தவறாக எழுதிய இடத்துக்கு, அதே நேரத்தில், மறுநாள் வேட்டியோடு மட்டும் போய் நில்லுங்கள். கேமரா வேண்டாம். நிறம் கண்ணுக்குத் தெரியும் வரை இருந்துவிட்டு வாருங்கள்.

நெகட்டிவை ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போடுங்கள். உறை மேல் தேதி, ஃபிலிம் வகை, மீட்டரில் வைத்த ஐஎஸ்ஓ, இந்த டெவலப்பரில் கழுவிய எத்தனையாவது ரோல் என்ற நான்கையும் பென்சிலால் எழுதுங்கள்.